தொட்டிலருகே இரண்டு மொழிகள்

விடுதியில் வாழும் நண்பர்கள் பலர் என்னைக் கண்டு பொறாமை கொள்வதுண்டு. "உனக்கென்னப்பா! அக்காள் வீடு, வேளைக்குச் சோறு, வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல்" என்பார்கள். இரவு இரண்டு மணிக்குத் தொட்டிலை ஆட்டுகிறவன் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தாய்மாமன் என்பவன் காதுகுத்து நாளில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாலையும் மரியாதையும் பெறுகிறவன் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அவனுக்கு வேறு வேலைகளும் உண்டு என்பதைப் பெங்களூர் எனக்குக் கற்பித்தது.

நான் இங்கே இயற்பியலில் முதுகலை பயில்கிறேன். அல்சூரில் ஒரு சந்துக்குள், இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் உள்ள மாடி வீட்டில் என் அக்காளும் அத்தானும் அவர்களுடைய ஒரே மகனும் வாழ்கிறார்கள். நான்காவது ஆள் நான். குழந்தைக்கு இப்போது ஒரு வயதும் எட்டு மாதமும் ஆகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் இந்த வீட்டிற்குள் ஒரு பெருங்கவலை புகுந்தது. அது பணத்தைப் பற்றியதன்று. காய்ச்சலைப் பற்றியதும் அன்று. மொழியைப் பற்றியது. அக்கவலை தீர நான் நூலகத்தில் தேடிப் படித்தவற்றை உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"எங்களுக்கு ஏன் இது? எங்களுக்கு இன்னும் மணமே ஆகவில்லையே!" என்று ஏட்டைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பப் போவதில்லை. பெங்களூரிலோ மும்பையிலோ கடல் கடந்தோ நாம் தொட்டில் கட்டும் நாள் வரும். அன்று யாராவது ஒருவர் வந்து, "வீட்டில் தமிழ் பேசாதீர்கள், பிள்ளை குழம்பிப் போவான்" என்று கட்டாயம் சொல்வார். அவருக்கு என்ன விடை சொல்வது என்பதை இப்போதே அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டின் ஒரு நாள்

தலைப்பிள்ளை தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அவ்வழக்கப்படியே குழந்தை நெல்லைச் சீமையில் பிறந்தது. பேறுகால விடுமுறை 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. அதில் நான்கு வாரம் பேற்றுக்கு முன்பே கழிந்தது. எஞ்சிய விடுமுறை முடிந்ததும் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு அக்காள் பெங்களூர் வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை; அத்தானுக்குத் தொழிற்சாலையில் முறைவேலை. ஊரில் எங்கள் தந்தையாருக்கு உடல்நலம் இல்லாமையால் அம்மாவால் உடன்வர முடியவில்லை. குழந்தைக்கு அவர் ஆச்சி.

காலை ஆறு மணிக்கு அத்தான் புறப்பட்டுவிடுவார். அக்காள் குழந்தையைக் குளிப்பாட்டிப் பாலூட்டுவாள். நான் துணி காயப்போடுவேன். எட்டு மணிக்கு ஓர் அம்மையார் வருவார். மண்டியாப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்தவர். அறுபது வயது இருக்கும். அல்சூரில் தமிழ் பேசாத கடைக்காரரைக் காண்பது அரிது. ஆனால் இவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கன்னடத்தில் பாட்டியை 'அஜ்ஜி' என்பர். நாங்களும் அவரை அஜ்ஜி என்றே அழைக்கிறோம். ஆக, எங்கள் குழந்தைக்கு ஊரில் ஓர் ஆச்சி. வீட்டில் ஓர் அஜ்ஜி.

மாலை ஆறு மணி வரையில் அவன் கேட்பது கன்னடம். "பா கந்தா, ஹாலு குடி" என்பார் அஜ்ஜி. "வா கண்ணே, பால் குடி" என்பது அதன் பொருள். அத்தான் வந்ததும் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் நடப்பார். வழியில் வள்ளுவர் சிலை. பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த அச்சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. 'மக்கட்பேறு' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பார்த்து, எங்கள் வீட்டு மக்கட்பேறு கையை ஆட்டிவிட்டு வரும்.

இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் ஆச்சி தோன்றுவார். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. பாடுவார், கொஞ்சுவார், அழுவார். ஒரு நாள் அஜ்ஜி வீடு திரும்ப நேரமாகிவிட்டது. குழந்தைக்குச் சோறு ஊட்டியபடியே, "ஊட்டா மாடு, ஊட்டா மாடு" என்றார். கன்னடத்தில் 'ஊட்டா' என்பது உணவு. 'மாடு' என்பது செய். சாப்பிடு என்று பொருள். அழைப்பில் இருந்த ஆச்சிக்குச் சினம் வந்துவிட்டது. "ஏளா, என் பேரனை மாடுங்காளே, நீ கேட்டுக்கிட்டு நிக்க!" என்று அக்காளைக் கடிந்துகொண்டார். விளக்கிச் சொல்லிச் சமாதானம் செய்வதற்குள் சோறு ஆறிவிட்டது.

வீடு ஊமையானது

இப்படிச் சென்றுகொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தக் கவலை வந்தது. ஒன்றரை வயதில் குழந்தை மிகச் சில சொற்களே பேசினான். அடுத்த வீட்டுக் குழந்தை அதே வயதில் கிளிப்பிள்ளையாய்ப் பேசிற்று. அக்காள் ஒருவரிடம் ஆலோசனை கேட்டாள். அவர் குழந்தைகளோடு பழகும் தொழிலில் உள்ளவர், பெயர் வேண்டா. அவர் சொன்னார்: "காலையில் ஒரு மொழி, மாலையில் ஒரு மொழி என்றால் குழந்தை எதைத்தான் பிடிக்கும்? இரண்டையும் நிறுத்துங்கள். நாளைக்குப் பள்ளியில் ஆங்கிலம்தானே? வீட்டில் இன்றே ஆங்கிலம் பேசத் தொடங்குங்கள்."

அன்றிரவு அக்காள் அழுதாள். அடுத்த நாளிலிருந்து ஆங்கிலம் பேசினாள். அவளுக்கு அலுவலக ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் குளிப்பாட்டும்போது கொஞ்சுவதற்கு அலுவலக ஆங்கிலம் எப்படிப் பயன்படும்? "இது உன் கை, இது உன் கால்" என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். தாலாட்டு நின்றது. ஆச்சியின் அழைப்பு நாள்தோறும் என்பது வாரம் ஒன்றாயிற்று. அஜ்ஜியிடம், "அதிகம் பேச வேண்டா" என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அத்தான் தவித்தார். இரண்டு வாரத்தில் எங்கள் வீடு ஏறத்தாழ ஊமையாகிவிட்டது. ஆங்கிலத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. என் பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலமே. ஆனால் பேச்சு வரவில்லை என்று சொல்லி, வீட்டில் இருந்த பேச்சையெல்லாம் நிறுத்துவது மருத்துவம் ஆகுமா? அதைத்தான் ஆராயப் புறப்பட்டேன்.

கருவிலேயே கேட்ட மொழி

குழந்தை பிறந்த பிறகுதான் மொழி தொடங்குகிறது என்று எண்ணுகிறோம். அது தவறு. பேற்றுக்கு முந்திய கடைசி மாதங்களிலேயே கருவின் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளை ஆராய்ந்தனர். இரப்பர் காம்பு ஒன்றை வாயில் வைத்தனர். ஒருவகையாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறுவகையாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியாகவே சப்பக் கற்றுக்கொண்டன.

அழுகையிலும் மொழி உண்டு. 2009-இல் செருமானிய ஆராய்ச்சியாளர் குழு ஒன்று பிரெஞ்சுக் குழந்தைகள் முப்பதின் அழுகையையும் செருமானியக் குழந்தைகள் முப்பதின் அழுகையையும் பதிவு செய்து ஒப்பிட்டது. எல்லாம் பிறந்து சில நாளே ஆனவை. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் தாழ்ந்து தொடங்கி உயர்ந்தது. செருமானியக் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கித் தாழ்ந்தது. அவ்வம்மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கமும் அத்தகையதே. நம் குழந்தை அழுவதைக் கேட்டு, "இது நெல்லை அழுகைதான்" என்று அத்தான் கேலி செய்வார். அக்கேலியில் சிறிது அறிவியலும் இருக்கிறது போலும்.

இரண்டு மொழி பேசும் தாயின் குழந்தை என்ன செய்யும்? 2010-இல் கனடாவில் இதையும் ஆராய்ந்தனர். ஆங்கிலமும் டகாலோக் என்னும் பிலிப்பைன்சு மொழியும் பேசும் தாய்மாரின் குழந்தைகள், பிறந்தவுடனேயே அவ்விரு மொழிகளிலும் நாட்டம் காட்டின. நாட்டம் மட்டும் அன்று. ஒன்று வேறு, மற்றொன்று வேறு என்று பிரித்தறியவும் செய்தன. இரு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்பவர்க்கு இதைவிட நேரான விடை வேண்டுவதில்லை.

சாத்தப்படும் கதவுகள்

'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'பட்டு' என்று சொல்லுங்கள். நாக்கு முதலில் பல்லைத் தொடுகிறது. பிறகு மேலே வளைகிறது. நமக்கு இரண்டும் வெவ்வேறு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் காதில் இவ்வேறுபாடு எளிதில் விழுவதில்லை. ஆனால் அவருடைய கைக்குழந்தையின் காதில் விழும்! 1984-இல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் இதைக் காட்டினர். இந்தியில் உள்ள இதே தகர டகர வேறுபாட்டை, ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் அத்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது குறையவே இல்லை.

குழந்தையின் காது பல கதவுகள் உள்ள வீடு போன்றது. எந்தக் கதவின் வழியே ஆள் நடமாட்டம் உண்டோ அது திறந்திருக்கிறது. மற்றவை முதல் ஆண்டின் முடிவிலேயே மெல்லச் சாத்தப்படுகின்றன. பிறகு திறக்கவே முடியாது என்பதில்லை. ஆனால் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். கன்னடத்தில் ககரத்திற்கு மட்டும் நான்கு எழுத்துகள் உள்ளன. நான் நான்கையும் ஒன்றாகவே ஒலிக்கிறேன் என்று அஜ்ஜி வாய்விட்டுச் சிரிப்பார். என் கதவுகள் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சாத்தப்பட்டவை. என் மருமகனுக்கு அவை திறந்திருக்கின்றன. தமிழின் லகர ளகர ழகரக் கதவும் திறந்திருக்கிறது. கன்னடத்தின் வல்லொலி மெல்லொலிக் கதவும் திறந்திருக்கிறது. கிடைத்த செல்வத்தைக் குழப்பம் என்று சொல்லலாமோ?

பாலும் ஹாலும்

இங்கே மற்றொன்றையும் நினைக்க வேண்டும். தமிழும் கன்னடமும் அயல்மொழிகள் அல்ல, உடன்பிறந்தவை. எங்கள் நெல்லைச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இவ்வுறவை விரிவாக நிறுவினார். வீட்டுக்குள் நாள்தோறும் நான் அதைக் கேட்கிறேன்.

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு ஆகிறது. புலி ஹுலி ஆகிறது. பத்து ஹத்து ஆகிறது. பூ ஹூ ஆகிறது. பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்திலேயே தொடங்கின. இடைக்காலத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாயிற்று. அதுபோலவே நம் வகரம் அங்கே பகரமாய் நிற்கும். வா என்பது பா, வாழை பாளெ, விரல் பெரளு, வெல்லம் பெல்ல. பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பின்னர் ளகரத்தோடு கலந்துவிட்டது. ஆதலால் மழை மளெ ஆயிற்று. கோழி கோளி ஆயிற்று.

ழகரம் நம் குழந்தைகளுக்கும் எளிதில் வருவதில்லை. 'மழலை' என்று அதற்குப் பெயர் வைத்தவர், அப்பெயரிலேயே குழந்தையால் சொல்ல முடியாத எழுத்தை வைத்தாரே என்று நான் வியப்பதுண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளை 'கோளி' என்கிறான். அது மழலைத் தமிழா, திருந்திய கன்னடமா? சொல்ல முடியாது. ஆச்சி தமிழ் என்கிறார். அஜ்ஜி கன்னடம் என்கிறார். வழக்கு நிலுவையில் இருக்கிறது.

பெட்டிக்குள் பேசும் பேச்சு

"சரி, அப்படியானால் தமிழ்ப் பாட்டுப் படங்களைக் கைப்பேசியில் ஓடவிட்டால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. 2003-இல் பேட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடினர். ஒரு முறைக்கு 25 நிமிடம் வீதம் 12 முறை, அவ்வளவே. அக்குழந்தைகள் சீன மொழிக்குரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. மற்றொரு பிரிவினர்க்கு அதே ஆட்கள், அதே பேச்சு, படமாகக் காட்டப்பட்டது. அவர்கள் ஒன்றும் கற்கவில்லை. குழந்தை பேச்சைக் கேட்டு மட்டும் மொழி கற்பதில்லை. தன்னோடு பேசுகிறவரிடமிருந்து கற்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு ஆச்சியின் நினைவு வந்தது. அவரும் ஒரு சிறு திரைக்குள்தானே இருக்கிறார்? அவர் பேச்சும் வீணோ? விடையைத் தேடினேன், 2014-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் கிடைத்தது. இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய சொற்கள் மூன்று வகையாகக் கற்பிக்கப்பட்டன: நேரில் ஒரு வகை, முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் ஒரு வகை, முன்பே எடுத்த படத்தில் ஒரு வகை. படத்திலிருந்து குழந்தைகள் கற்கவில்லை. அழைப்பிலிருந்தோ, நேரில் கற்றது போலவே கற்றன. காரணம் தெளிவு. படம் குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. அழைப்பில் இருப்பவர் காத்திருக்கிறார், குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், கையை நீட்டினால், "என்னலே வேணும்?" என்கிறார். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டா என்று 2021-இல் அறிவுறுத்திய இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும், உறவினரோடு எப்போதாவது பேசும் இவ்வகை அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது.

எண்ணிப் பார்த்தோம்

படித்தது போதும், அளந்து பார்ப்போம் என்று துணிந்தேன். இயற்பியல் மாணவனுக்கு வேறென்ன தெரியும்? நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டு, குழந்தை பொருளறிந்து சொல்லும் சொற்களை ஒரு வாரம் எழுதினோம். அக்காள் ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம், அஜ்ஜி சொல்லச் சொல்ல நான் ஒரு பக்கம். தமிழ்ச் சொல் ஐந்து. கன்னடச் சொல் ஆறு. 'கோளி'யைப் போல எதிலும் சேர்க்க முடியாதவை மூன்று. ஆகப் பதினான்கு. மாலையில் மட்டும் குழந்தையைப் பார்க்கும் அக்காளுக்குத் தெரிந்தவை ஐந்தே! பகலில் அவன் அஜ்ஜியிடம் 'ஹாலு', 'ஹூ' என்று சொன்னவை அவள் கணக்கில் வரவே இல்லை.

இது எங்கள் வீட்டுப் பிழை மட்டும் அன்று. 1993-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ஆங்கிலமும் சுபானியமும் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் இதையே கண்டனர். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் இருமொழிக் குழந்தை பின்தங்கியது போலத் தோன்றலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைக்கு அது குறைந்ததன்று. இரண்டு பைகளில் காசு வைத்திருப்பவனின் ஒரு பையை மட்டும் தடவிப் பார்த்து ஏழை என்று சொல்லலாமா?

காதின் மறுமொழி

ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரு மொழிகள் பேச்சைத் தடுப்பதில்லை என்பது உண்மை. அதனாலேயே, பேச்சு மிகவும் தாமதமானால் "இரு மொழி வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று சும்மா இருந்துவிடுவதும் தவறு. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். முதலில் தேட வேண்டிய இடம் காது.

குழந்தையின் காதைச் சோதிக்கும் முறைகளில் ஒன்று இயற்பியல் மாணவர் எவரையும் மகிழ்விக்கும். நம் உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒலி வந்ததும் அசைகின்றன. அவ்வசைவினால் மிக நுண்ணிய ஓர் ஒலி எழுந்து காதுக்கு வெளியே திரும்பி வருகிறது. அதாவது, காது ஒலியைக் கேட்பதோடு ஒலி எழுப்பவும் செய்கிறது! இதை 1978-இல் கண்டு காட்டியவர் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப். சிறு ஒலிபெருக்கியும் நுண்ணிய ஒலிவாங்கியும் கொண்ட முனை ஒன்றைத் தூங்கும் குழந்தையின் காதில் வைப்பார்கள். ஒலி அனுப்பினால் மறுமொழி வருகிறதா என்று கருவி பார்க்கும். வலி இல்லை, சில நிமிட வேலை. பிறந்தவுடனேயே செய்யலாம். பிறவியில் நன்றாக இருந்த காது பின்னர் நோயால் பழுதுபடுவதும் உண்டாதலால், ஐயம் தோன்றினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

நாங்களும் செய்தோம். அக்காள் கைவிரல்களை நெரித்துக்கொண்டு நின்றாள். இரண்டு காதும் மறுமொழி சொல்லிவிட்டன. அன்று வீடு திரும்பும் வழியில் அவள் குழந்தையோடு பேசத் தொடங்கினாள். தமிழில்தான். பேருந்திலிருந்து இறங்கும் வரையில் நிறுத்தவில்லை.

பொதுவாக நினைவில் வைக்க வேண்டியவை சில. பெயர் சொல்லி அழைத்தோ ஓசை கேட்டோ திரும்பாத குழந்தை, ஓராண்டு ஆகியும் 'பபப', 'மமம' என்று பிதற்றாத குழந்தை, ஒன்றரை ஆண்டில் ஒரு சொல்லும் இல்லாத குழந்தை, இரண்டாண்டில் இரு சொற்களை இணைக்காத குழந்தை, வந்த சொல்லை இழந்துவிட்ட குழந்தை — இவர்களைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேச்சும் செவியும் பற்றிய ஆய்வுக்காகவே மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அனைத்திந்திய நிறுவனம் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

முடிவாக

இப்போது எங்கள் வீட்டில் மறுபடியும் இரைச்சல். அஜ்ஜி விருப்பம்போல் கன்னடம் பேசுகிறார். அக்காள் தாலாட்டுகிறாள். ஆச்சி எட்டு மணிக்குத் தவறாமல் வருகிறார். ஆங்கிலம் காத்திருக்கிறது, அது பள்ளிக்கூடத்து வாயிலில் எப்படியும் வந்து நிற்கும்.

சென்ற வாரம் அழைப்பு முடியும் நேரம். ஆச்சி, "போயிட்டு வாரேன் ராசா" என்றார். குழந்தை கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "ஆச்சி, பா" என்றான். அவன் முதன்முதலாக இணைத்துச் சொன்ன இரண்டு சொற்கள் அவை. முதற்சொல் நெல்லைத் தமிழ்; இரண்டாம் சொல் மண்டியாக் கன்னடம். "ஆச்சி, வா" என்று பொருள். இரு மொழிச் சொற்களை இப்படிக் கலந்து பேசுவது குழப்பம் அன்று. கையில் உள்ளதைக் கொண்டு காரியம் முடிப்பது. ஆச்சிக்குப் 'பா' விளங்கவில்லை. "அப்பனைத் தேடுதான் போல" என்றார். நான் விளக்கினேன். சிறிது நேரம் திரையில் அவர் முகம் தெரியவில்லை. சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அடுத்த மாதம் இரயிலுக்கு முன்பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார். தந்தையாரையும் உடன் அழைத்து வருவாராம்.

மறுநாள் காலை அஜ்ஜியிடம் இச்செய்தியைச் சொன்னோம். "அவன் அழைத்தது என்னைத்தான், அவனுக்கு ஜகரம் வரவில்லை, அவ்வளவே" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

நண்பர்களே, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கருநாடகத்தில் நூற்றுக்கு மூவருக்கு மேல் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நாமும் அவர்களோடு சேர்ந்துள்ளோம். இந்த மண்ணின் மொழியை நம் குழந்தை இந்த மண்ணின் வாயிலிருந்து கேட்கட்டும். நம் மொழியை நம் வாயிலிருந்து கேட்கட்டும். அதற்குப் பணம் வேண்டா, பயிற்சி வேண்டா. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும், நமக்கு எந்த மொழியில் தடையின்றிக் கொஞ்ச வருமோ அந்த மொழியில் வாயைத் திறந்து பேசினால் போதும்.